குழந்தைகளோடு கோடையில் ஒரு சோழநாட்டுக் கார் பயணம்: மாமல்லபுரம் முதல் தஞ்சை வரை, ஐந்து நாள் வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் போனபோது இரண்டு நாளில் ஏழு கோயில். ஐந்தாவது கோயிலின் வாசலில் என் மகள் காரை விட்டு இறங்கவில்லை. அப்போது அவளுக்கு ஏழு வயது. முந்தின கோயிலில் உச்சி வெயிலில் பிராகாரம் சுற்றியதில் இரண்டு உள்ளங்காலும் கன்றிப் போயிருந்தன. "அந்தப் பக்கம் நல்ல சிற்பம் இருக்கிறது, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். காரில் உட்கார்ந்து அவள் காலில் தண்ணீர் ஊற்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த கோடையில் எல்லாவற்றையும் மாற்றினோம். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவில் நிழல். ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிக்க ஒரு விஷயம். ராஜராஜன் எந்த ஆண்டு பட்டம் ஏறினான் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை அடுத்த வாரமே மறந்துவிடும். யானையை விழுங்கும் பாம்பைக் கல்லில் தானே கண்டுபிடித்ததை மறக்காது. கீழே உள்ள திட்டம் முழுக்க இந்த ஒரு நம்பிக்கையில் போட்டதுதான்.

சென்னையிலிருந்து கிளம்புவதாக வைத்துச் சொல்கிறேன். தெற்கிலிருந்து வருபவர்கள் தஞ்சையில் தொடங்கித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

தேதியும் கடிகாரமும்

கத்திரி வெயில் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி மே கடைசி வரை நீளும். பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசி வாரத்திலேயே கிளம்ப முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டாலும் பரவாயில்லை, கடிகாரத்தை மட்டும் விடாதீர்கள். காலை 5 மணிக்கு எழுந்து, 6 மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும். 9 மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும், சிற்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும். மறுபடி மாலை நாலரைக்கு மேல்தான். நடுவில் உள்ள ஏழரை மணி நேரம் சாப்பாடு, தூக்கம், கார்.

காலண்டரில் பிரதோஷத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை பெரிய கோயிலில் நந்தியைச் சுற்றி நிற்கவே இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தையே பார்க்க ஆசை என்றால் போகலாம், சின்னக் குழந்தை இருந்தால் வேண்டாம்.

அறை பதிவு செய்யும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "24 மணி நேர செக்-அவுட்டா, பகல் 12 மணிக்கா?" நம் திட்டத்தில் நடுப்பகல்தான் அறைக்குள் இருக்கும் நேரம். 12 மணிக்குக் காலி செய்யச் சொல்லும் விடுதி என்றால், பிள்ளைகளோடு வெயிலில் நிற்க வேண்டி வரும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கோடு போடாத நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் விலை குறைந்த பைனாகுலர் ஒன்று. தஞ்சைக் கோயில் விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், உயரத்தில் இருப்பதைப் பார்க்க அது இல்லாமல் முடியாது.

கதை சொல்லுங்கள், பாடம் நடத்தாதீர்கள். மூன்று பேரின் பெயர் போதும். கடற்கரையில் பாறையைக் குடைந்த பல்லவர்கள், தஞ்சையில் கட்டிய ராஜராஜன், அப்பாவைப் போலவே ஒன்று கட்டிய மகன் ராஜேந்திரன். மீதியை அந்தந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வழி பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். மேப்பும் அடுத்து எங்கே நிறுத்துவது என்ற முடிவும் அவர்கள் கையில் இருந்தால், பின் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

வண்டி

கூலன்ட், ஏசி, வைப்பர் தண்ணீர், ஸ்டெப்னியில் காற்று. இந்த நான்கையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். டயரில் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பிடியுங்கள், சூடான டயரில் அளவு கூட்டிக் காட்டும். ஃபாஸ்டேக்கில் பணம் போட்டுவிடுங்கள்.

பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தூங்கும் குழந்தையைக் காரில் விட்டு "இரண்டு நிமிஷம்" என்று இறங்காதீர்கள். மே மாத வெயிலில் சாத்திய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் போதாது. யாராவது ஒருவர் ஏசியோடு உள்ளே இருங்கள், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்குங்கள்.

வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள். ஓடும் வண்டியில் போனோ புத்தகமோ பார்க்க விடாமல், சாலை தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் இறங்க வேண்டும். பெரிய பெட்ரோல் பங்க்கைப் பார்த்தால், அவசரம் வரும்வரை காத்திருக்காமல் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

பையில் என்ன

எல்லாவற்றிலும் முக்கியம் பழைய, தடிமனான பருத்தி சாக்ஸ், ஆளுக்கு இரண்டு ஜோடி. செருப்பைக் கழற்றியதும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். என் மகளின் கால் கன்றிய பிறகு நாங்கள் கற்றுக்கொண்டது இது.

அப்புறம் தொப்பி, ஓஆர்எஸ் பொட்டலங்கள், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், ஈரத்துணி, மாற்று உடை, டாக்டர் சொன்ன காய்ச்சல் மருந்து. சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியும் புளியோதரையும் தாங்கும். தயிர் சாதம் காரில் மதியத்துக்குள் புளித்துவிடும். வழியெல்லாம் நுங்கும் இளநீரும் வெள்ளரிப்பிஞ்சும் கிடைக்கிற பருவம் இது. பாட்டில் குளிர்பானத்துக்கு அவசியமே வராது.

முதல் நாள்: மாமல்லபுரம், மாலை

மதியம் இரண்டரைக்குக் கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலு மணிக்கெல்லாம் போய்விடலாம். நேரே அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் போங்கள். கிழக்குப் பார்த்த பாறை, மாலையில் நிழலாக இருக்கும்.

சுமார் 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உள்ள பாறை அது. நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் பட்டர் பால் என்ற உருண்டைப் பாறைப் பக்கம் ஓடிவிடுவார்கள். அதற்குப் பதில் இப்படிச் சொல்லுங்கள்: "இங்கே ஒரு பூனை தவம் செய்கிறது. யார் முதலில் கண்டுபிடிப்பது?" பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி எலிகள். மேலே விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் முனிவரைப் பார்த்துவிட்டுப் பூனையைப் பார்த்தால், பல்லவச் சிற்பியின் குறும்பு பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும். அடுத்தது, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். அதையும் கண்டுபிடித்துவிட்டால், நடுவில் உள்ள பிளவைக் காட்டி, மேலே தொட்டி கட்டி அந்த வழியாகத் தண்ணீர் விழச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நாகர்கள் ஏன் அந்தப் பிளவில் நீந்துகிறார்கள் என்று அப்போது புரியும்.

பட்டர் பாலுக்குக் கடைசியில் போங்கள். பிள்ளைகள் அங்கேயே சறுக்கிக்கொண்டிருப்பார்கள், கிளப்ப முடியாது.

இரண்டாம் நாள்: கடற்கரைக் கோயில், ரதங்கள், கங்கைகொண்ட சோழபுரம்

இந்த ஒரு நாள்தான் நீளம். மொத்தம் 240 கிலோமீட்டர் போல வரும்.

6 மணிக்குக் கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. சூரியன் கடலிலிருந்து ஏறும்போது நின்று பாருங்கள், எதுவும் சொல்ல வேண்டாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

ஐந்து ரதம் என்பது பாறையிலேயே செதுக்கிய ஐந்து சின்னக் கோயில்கள். அங்கே ஒரு புதிர் இருக்கிறது. சகாதேவ ரதத்தின் பக்கத்தில் ஒரு கல் யானை நிற்கிறதே, அதன் பின்னால் போய் பிள்ளைகளை நிறுத்துங்கள். யானையின் முதுகையும் ரதத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வளைவு. அந்தக் கட்டட வடிவத்துக்குப் பெயரே தூங்கானை மாடம், படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்றது. என் மகன் இதைப் பார்த்துவிட்டு இரண்டுக்கும் நடுவே நாலு தடவை ஓடினான்.

அடுத்து தர்மராஜ ரதத்தின் மேல்பக்கம் முடிந்து கீழ்ப்பக்கம் முடியாமல் இருப்பதைக் காட்டி, "எந்தப் பக்கத்திலிருந்து செதுக்கத் தொடங்கியிருப்பார்கள்?" என்று கேளுங்கள். மேலிருந்து கீழே வந்திருக்கிறார்கள் என்பதை அவர்களே சொல்வார்கள். திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரைக் குடிசை. பஞ்சபாண்டவர் பெயரெல்லாம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது, கட்டியவர்கள் வைத்ததல்ல.

பத்து மணிக்குக் கிளம்பினால் புதுச்சேரியில் சாப்பாடு. அங்கே ஊர் சுற்ற நிற்காதீர்கள், அதற்கென்று இன்னொரு பயணம் வேண்டும். சாப்பிட்டதும் பிள்ளைகள் காரில் தூங்கிவிடுவார்கள். சிதம்பரம் தாண்டிக் காட்டுமன்னார்கோயில் வழியாகப் போகும்போது வீராணம் ஏரி வரும். கடல் மாதிரித் தெரிகிற இந்த ஏரி பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர், அதுதான் வீராணம் ஆனது. தூங்கினால் எழுப்ப வேண்டாம்.

நாலு மணி வாக்கில் கங்கைகொண்ட சோழபுரம். எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த இடம். தஞ்சையைப் போலக் கூட்டம் இருக்காது, புல்தரை உண்டு, பிள்ளைகள் ஓடலாம். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திரன், அங்கிருந்து தண்ணீர் கொண்டுவரச் செய்து, புதிதாகத் தலைநகர் அமைத்துக் கட்டிய கோயில். அதற்குப் பிறகு ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழர் தலைநகரம் இதுதான். இப்போது சுற்றிலும் வயலும் சின்ன ஊரும். "அரண்மனை எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பக்கத்தில் மாளிகைமேடு என்ற இடத்தில் தோண்டியபோது செங்கல் அடித்தளம் கிடைத்தது, அவ்வளவுதான் மிச்சம்.

வடக்கு வாசல் படி அருகே சிவன் ஒரு பக்தனின் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டும் சிற்பம் இருக்கிறது. சண்டேசர் அவர். சிவனின் விரல்களையும், கைகூப்பிக் குனிந்திருக்கும் அந்த முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகூட அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

பிறகு நோட்டை எடுத்து விமானத்தின் ஓரக்கோட்டை மட்டும் வரையச் சொல்லுங்கள். உள்பக்கமாக லேசாக வளைந்து ஏறும். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், தஞ்சையில் வேண்டும்.

கிளம்பும் முன் மதிலைக் காட்டுங்கள். ஏன் இடிந்து கிடக்கிறது? போரில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்குக் கருங்கல் வேண்டும் என்று இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல்லை எடுத்துப் போனார்கள். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிட்டால், வெளிச்சம் இருக்கும்போதே அணைக்கரைக்கு வந்துவிடலாம். கும்பகோணம் போகிற வழி அந்தக் கீழணை மேல்தான். பாலம் தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தினோம். மணலும் திட்டுத் திட்டாகத் தண்ணீருமாக ஆறு. மகன் மதகுகளைப் பார்த்துக்கொண்டே நின்று, "இதில் எது அந்தக் கோயில் கல்?" என்று கேட்டான். சொல்லத் தெரியவில்லை. அவன் கண்ணுக்கு எட்டிய ஒவ்வொரு கல்லாகப் பார்த்தான். இருட்டிய பிறகுதான் காரில் ஏறினான்.

இரவு கும்பகோணம்.

மூன்றாம் நாள்: தாராசுரம், மாலையில் தஞ்சை

கும்பகோணத்திலிருந்து தாராசுரம் 3 கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. உயரத்தில் சிறியது, நுணுக்கத்தில் பெரியது. எல்லாமே குழந்தையின் கண் உயரத்தில், கை அகலத்தில் இருக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கோயில் கிடையாது.

இங்கே தேட வேண்டியது யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம். சிற்பத்தைத் தொடாமல், கண்ணுக்கு முன்னால் கையை நீட்டி ஒரு பக்க உடலை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பெரியவர்களும் இரண்டு தடவை செய்து பார்ப்பார்கள். குதிரை இழுக்கும் தேர் போல, சக்கரம் வைத்த மண்டபமும் இங்கே உண்டு. தட்டினால் ஓசை எழுப்பும் படிகளைக் கம்பி போட்டு மூடிவிட்டார்கள், நல்லதுதான். அறுபத்து மூவர் கதை தெரிந்த தாத்தா பாட்டி உடன் வந்தால், கருவறைப் புறச்சுவரில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னச் சிற்பங்களை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மதியம் அறையில் தூக்கம். மூன்றரைக்குக் கிளம்பினால் 40 கிலோமீட்டரில் தஞ்சை.

பெரிய கோயிலுக்கு மாலை ஒன்று, மறுநாள் காலை ஒன்று என இரண்டு தடவை போக வேண்டும். முதல் மாலையில் ராஜராஜன் திருவாசல் மட்டும் போதும். இரண்டு பக்கமும் பிரம்மாண்டமான வாயிற்காவலர்கள். அவர்கள் காலடியில் ஒரு பாம்பைத் தேடச் சொல்லுங்கள். அது ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது? அதை விழுங்கும் பாம்பு? அந்தப் பாம்பைக் காலடியில் வைத்திருக்கும் காவலர்? அந்தக் காவலர் விரலை நீட்டி உள்ளே இருப்பவரைக் காட்டுகிறாரே, அவர்? இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே உள்ளே போய், நிமிர்ந்து விமானத்தைப் பார்க்க வேண்டும். பிறகு புல்தரையில் உட்கார்ந்துவிடுங்கள்.

நான்காம் நாள்: தஞ்சை

காலை 6 மணிக்கு மறுபடி. காலையில் விமானத்தின் நிழல் மேற்குப் பக்கம் விழும், அங்கே தரை குளிர்ந்திருக்கும். ஆமாம், நிழல் விழும். தஞ்சைக் கோயில் நிழல் தரையில் விழாது என்று எல்லோரும் சொல்வதைப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். நிழலுக்குள்ளேயே நிற்க வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். உச்சியில் இருப்பது ஒரே கல் என்பதும் அப்படித்தான், பல கற்களை இணைத்துச் செய்தது. கதை போனால் பெருமை குறைந்துவிடாது. கருங்கல் மலையே இல்லாத வயல்வெளியில், 200 அடிக்கு மேல் கல்லிலேயே அடுக்கி, 1010இல் முடித்திருக்கிறார்கள். அதைவிட வியப்பு என்ன வேண்டும்?

நேற்று முன்தினம் மடித்த பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே தஞ்சை விமானத்தின் ஓரக்கோடு. இது நேராக ஏறும். அப்பா கட்டியதைவிட மகன் ஏன் உயரத்தைக் குறைத்தான் என்று என் மகள் கேட்டாள். நீங்களே சொல்லுங்கள் என்று இருவரிடமும் விட்டோம். "அப்பா மேல் மரியாதை" என்றாள் அவள். "அவருக்கு அழகுதான் வேணும், உயரம் இல்லை" என்றான் அவன்.

அப்புறம் கல்வெட்டு. அடித்தளம் முழுக்க எழுத்து. புள்ளி வைக்காமல் எழுதியிருப்பதால் வாசிப்பது கடினம், ஆனால் ட, ப போன்ற எழுத்துகளைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் வெட்டிய எழுத்து தனக்குத் தெரிகிறது என்ற முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் சொல்லி வெட்டிய வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்: "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்". தான் கொடுத்ததற்கு அடுத்ததாக அக்காவைச் சொல்கிறான், பிறகு தேவியர், பிறகு மற்ற எல்லோரும். அக்கா தம்பி உள்ள வீட்டில் இந்த வரிசை நன்றாகவே எடுபடும்.

இதே கோயிலில் ஆட வந்த 400 பெண்களின் பெயரும் கல்லில் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு என்று. தெருவின் தென்பக்கம் தென்சிறகு, முதல் வீடு தலைவீடு. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். மதியம் அறையில் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, நம் வீட்டு முகவரியை இந்த மாதிரி எழுதச் சொல்லுங்கள். என் மகள் "மூன்றாம் குறுக்குத் தெரு வடசிறகு ஐந்தாம் வீடு" என்று எழுதி, கீழே தனக்கு வர வேண்டிய நெல்லையும் எழுதிக்கொண்டாள்.

வெயில் நேரத்துக்கு அரண்மனைக் கலைக்கூடம் சரியான இடம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அவ்வளவு பக்கத்தில் வேறு எங்கும் பார்ப்பது அரிது. ஒரு மணி நேரம் போதும். மாலை ஓய்வு எடுங்கள்.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி

தஞ்சையிலிருந்து சென்னை 340 கிலோமீட்டர் வாக்கில். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பித் திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்தால், மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இரவில் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், நாலு நாள் அலைந்த உடம்பு ஸ்டியரிங்கில் தூங்கிவிடும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033.

போகிற வழியில் செஞ்சிக் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025இல் அதற்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கோடையில் வேண்டாம். ராஜகிரி மலை மேல் ஏறாமல் செஞ்சியைப் பார்த்ததாகவே ஆகாது, மே மாத வெயிலில் அந்தப் பாறைப் படிகளில் குழந்தைகளை ஏற்றக் கூடாது. அதை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பொங்கல் லீவில் நாங்கள் போகப்போகிறோம்.